இன்னும் கொஞ்சம்

குபேர லிங்கத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் நடந்தது. வைகாசிப் பௌர்ணமி, இரவு பதினொன்றரை மணி இருக்கும். கிரிவலப் பாதையில் தோளும் தோளும் உரசும் கூட்டம். ஓரத்துப் பந்தலிலிருந்து ஒரு அம்மாள் நீட்டிய தொன்னை, நான் கையை இழுத்துக்கொள்வதற்குள் உள்ளங்கையில் வந்து உட்கார்ந்துவிட்டது. சர்க்கரைப் பொங்கல். இலை வழியாகச் சூடு தெரிந்தது. நெய்யும் பச்சைக் கற்பூரமும் மணக்க, மேலே பாதி முந்திரி ஒன்று. "வேணாம்மா" என்றேன். நம் ஊரில் வேணாம் என்பதை யாரும் வேணாம் என்று கேட்பதில்லை, கூச்சம் என்றுதான் கேட்பார்கள். "இன்னும் கொஞ்சம் வெக்கட்டா சாமி?" என்று கரண்டியை மறுபடி குண்டானுக்குள் விட்டார். தப்பித்து வந்தேன். சாப்பிடக் கூடாது; அன்னதானத்தைக் குப்பைத் தொட்டியில் போடும் கையும் எனக்கு இன்னும் வாய்க்கவில்லை. வேலி ஓரம் காவித் துண்டு போர்த்தி உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரிடம் நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நடந்தவன் பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தேன். ட்யூப் லைட் வெளிச்சத்தில் அவருடைய இடது காலின் கட்டுத் தெரிந்தது. மருந்து கசிந்து மஞ்சள் பூத்த கட்டு. கட்டைவிரல் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. திரும்பிப் போய், "சாமிக்குச் சுகர் இருக்குதா?" என்று கேட்டேன். வாயில் இருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னார்: "அது கெடக்குது பதினஞ்சு வருஷமா. போடறதத்தான சாமி துன்ன முடியும்?" தொன்னையை வழித்து விரலை நக்கிக்கொண்டார். அந்த வாக்கியம் சில மாதங்களாகக் காலில் தைத்த முள்ளாக என்னோடேயே நடந்துகொண்டிருக்கிறது.

நான் ஏன் சாப்பிடக் கூடாது என்பதைச் சொல்லியாக வேண்டும். அந்த வருடத் தை மாதத்தில் வெறும் வயிற்றோடு ஒரு பரிசோதனைக் கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். 75 கிராம் குளுக்கோஸை 300 மில்லி தண்ணீரில் கலக்கி, ஒரு எலுமிச்சைத் துண்டைப் பிழிந்து கொடுத்தாள் அந்தப் பெண். "அஞ்சு நிமிஷத்துல குடிச்சிடுங்க சார். வாந்தி எடுத்தா நாளைக்கு மறுபடியும் வரணும்." தொண்டையை அடைக்கும் தித்திப்பு. குடித்துவிட்டு இரண்டு மணி நேரம் அசையாமல் காத்திருக்க வேண்டும். எதிர்ச் சுவரில் அண்ணாமலையார் காலண்டர், பக்கத்தில் இதே தம்ளரை அண்ணாந்து குடித்துக்கொண்டிருந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி. வெறும் வயிற்றில் 108, இரண்டு மணி நேரம் கழித்து 172 என்று வந்தது. "சுகர் இல்ல சார், பார்டர்" என்று ஆறுதல் சொன்னாள். வெறும் வயிற்றில் 100 முதல் 125 வரை, குளுக்கோஸ் குடித்த பிறகு 140 முதல் 199 வரை என்பது அந்தப் பார்டரின் நிலப்பரப்பு. எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் குடியிருக்கிறோம். டாக்டர் கூடுதலாக ஒன்றையும் அளக்கச் சொல்லியிருந்தார்: வெறும் வயிற்று இன்சுலின். அது 21. சர்க்கரையையும் இன்சுலினையும் பெருக்கி 405ஆல் வகுத்தால் ஒரு எண் வரும் என்று தாளின் ஓரத்தில் போட்டுக் காட்டினார். 5.6. எதுவரை சரி என்று இந்த எண்ணுக்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட கோடு ஏதும் கிடையாது, ஆனாலும் ஐந்துக்கு மேல் என்றால் கோளாறு என்பதில் சந்தேகமில்லை என்றார். வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் சோற்றை வைத்துப் பார்த்தேன். நூறு கிராம் சோற்றில் மாவுச்சத்து சுமார் 28 கிராம். குழம்புக்கு ஒரு தட்டு, ரசத்துக்கு ஒரு கரண்டி, மோருக்கு ஒரு கரண்டி என்று நான் சாப்பிட்டு எழும் மதியச் சோறு அந்த எலுமிச்சைத் தம்ளரைத் தாண்டியே நின்றது. முப்பது வருடமாகத் தினமும் அந்தப் பரிசோதனையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கிறேன். ரத்தம் எடுக்கத்தான் ஆளில்லை.

அந்த எண் காட்டும் கோளாறை இன்சுலின் எதிர்ப்பு என்று எழுதுகிறார்கள். எதிர்ப்பு என்ற சொல்லில் ஒரு முஷ்டி இருக்கிறது, கொடி இருக்கிறது. கார்போஹைட்ரேட் ஒவ்வாமை என்று சிலர் எழுதும்போது இன்னும் சங்கடம். சோறு தின்றால் எனக்கு உடம்பெல்லாம் தடிக்கவில்லை, மூச்சு இரைக்கவில்லை, சுகமாகத் தூக்கம்தான் வருகிறது. தாங்காமை என்பது கொஞ்சம் கிட்டத்தில் வருகிறது. வண்டி பாரம் தாங்காது என்கிறோமே, அது. டாக்டர்கள் பூட்டும் சாவியும் வரைந்து காட்டுவார்கள். எனக்கு என்னவோ பந்திதான் கண்ணில் படுகிறது. கணையம் வாளியோடு ஒரு ஆளை அனுப்புகிறது. தசைகள் இலை போட்டு உட்கார்ந்திருக்கின்றன. அவைதான் சாப்பிட்ட சர்க்கரையில் பெரும்பங்கை வாங்கிக்கொள்ள வேண்டியவை. உழைக்காத தசைக்குப் பசியில்லை. போதாததற்கு அதன் உள்ளேயே கொழுப்பு படிந்துகிடக்கிறது. இலைமேல் இரண்டு கையையும் விரித்துக் குனிந்து மறைத்துக்கொண்டு போதும் என்கிறது. அனுப்பியவருக்கு அது கூச்சமாகப் படுகிறது. இன்னொரு ஆளை அனுப்புகிறார், பிறகு மூன்றாவது ஆள். விரலிடுக்கு வழியாக எப்படியோ போட்டுவிடுகிறார்கள். ரத்தத்தில் சர்க்கரை சரியாகத்தான் இருக்கிறது, ரிப்போர்ட் நார்மல், எல்லோருக்கும் சந்தோஷம். இப்படிப் பத்து வருடம் ஓடலாம். என்றைக்கோ ஒருநாள் பரிமாறுகிறவர்களுக்குக் கை ஓய்கிறது. அன்றைக்குத்தான் நாம் நோய் வந்தது என்கிறோம்.

இந்தப் பந்திக் கதை எனக்கே முழுக்கத் திருப்தியில்லை. கல்லீரலை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. இராத்திரி ஏழு மணிக்கு இரண்டு முட்டையும் சுரைக்காய்ப் பொரியலும் தின்றுவிட்டுப் படுத்தாலும் விடியற்காலையில் 112 காட்டுகிறது. யார் போட்டது இந்தச் சர்க்கரையை? கல்லீரல்தான். பட்டினி கிடக்கிறான் பாவம் என்று தன் கிடங்கிலிருந்து எடுத்து ஊற்றிக்கொண்டே இருக்கிறது. இருக்கிறது போதும், நிறுத்து என்று இன்சுலின் சொல்வது அதன் காதில் ஏறவில்லை. ஆக, ஒரே நோயில் தசை போதும் என்கிறது, கல்லீரல் போதும் என்பதைக் கேட்க மறுக்கிறது. உவமைகள் இப்படித்தான், நடு வழியில் இறக்கிவிட்டுப் போய்விடுகின்றன. 1936இல் லண்டனில் ஹிம்ஸ்வொர்த் என்ற மருத்துவர் குளுக்கோஸையும் இன்சுலினையும் ஒரே சமயத்தில் கொடுத்துப் பார்த்து, சர்க்கரை நோயாளிகளில் இன்சுலினுக்குச் செவிசாய்ப்பவர்கள் ஒரு வகை, சாய்க்காதவர்கள் இன்னொரு வகை என்று பிரித்தார். இன்சுலினைக் கண்டுபிடித்துப் பதினைந்து வருடம்கூட முழுதாக ஆகாத காலம். மருந்தே இல்லாமல் செத்துக்கொண்டிருந்தவர்கள் பிழைக்கத் தொடங்கியிருந்த உற்சாகத்தில், மருந்து நிறைய இருந்தும் பலிக்காத உடம்பைப் பற்றி யோசிக்க அதிகம் பேருக்குப் பொறுமையில்லை. 1988இல் ரீவன் என்ற மருத்துவர் அதை மறுபடி எடுத்து, ரத்த அழுத்தம், கொழுப்பு, இதயம் எல்லாவற்றையும் அதோடு சேர்த்து முடிச்சுப் போட்டார். எனக்கு இதில் எல்லாவற்றையும்விட நெஞ்சில் நிற்பது ஒரு சின்னக் கணக்கு. நல்ல உடம்பில் ஐந்து லிட்டர் ரத்தம் முழுவதிலும் ஓடிக்கொண்டிருக்கும் சர்க்கரை ஒரு டீஸ்பூன், ஐந்து கிராம். சர்க்கரை நோயின் எல்லையான 126இல் அது ஆறேகால் கிராம். இடையில் உள்ளது ஒரு சிட்டிகை. இட்லிக்குத் தொட்டுக்கொள்ள அம்மா வைக்கும் சர்க்கரையில் தட்டிலேயே ஒட்டிக்கொண்டு மிஞ்சுமே, அவ்வளவுதான்.

உடம்பு முன்கூட்டியே சொல்லியிருக்கிறது, படிக்கத்தான் தெரியவில்லை. என் அக்காவுக்குப் பதினாறு வயதிலிருந்து கழுத்தின் பின்புறம் கறுத்துத் தடித்து வெல்வெட் துணி மாதிரி இருக்கும். அழுக்கு என்று அம்மா கடலை மாவும் கஸ்தூரி மஞ்சளும் போட்டுத் தேய்ப்பாள். பீர்க்கங்காய் நார் பட்டு ரத்தம் கசியும், கறுப்பு மட்டும் போகாது. கழுத்தை மறைக்கத் தலைமுடியைத் தளர்த்திப் பின்னிக்கொள்வாள். அது அழுக்கில்லை, மிதமிஞ்சிய இன்சுலின் தோலில் எழுதிய எழுத்து என்பது தெரிந்தபோது அவளுக்கு நாற்பத்தெட்டு, மாத்திரை தொடங்கி ஆறு வருடம். எனக்குச் சொன்னது இடுக்குப் பிள்ளையார். குபேர லிங்கத்தைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது அந்தச் சின்னக் கோயில். ஒருக்களித்துப் படுத்து, கையை முன்னால் ஊன்றி, ஊர்ந்து வெளியே வர வேண்டும். சின்ன வயதில் பல்லி மாதிரி நுழைந்து வந்தவன், போன வருடம் நடுவில் மாட்டிக்கொண்டேன். கை வெளியே, கால் உள்ளே, தொப்பை கல்லில். பின்னாலிருந்து ஒரு குரல்: "மூச்ச வெளிய வுடு நைனா, வயிறு உள்ள போவும்." இந்திய ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டரையும் பெண்களுக்கு 80ஐயும் தாண்டக் கூடாது என்று மருத்துவர்கள் அளவுநாடாவால் சொல்வதைப் பிள்ளையார் எத்தனையோ காலமாகக் கருங்கல்லால் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் குண்டானவன் இல்லை என்பதுதான் வேடிக்கை. கையும் காலும் குச்சி, வயிறு மட்டும் பானை. புனேயைச் சேர்ந்த மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் சேர்ந்து 2004இல் லான்செட் இதழில் தங்கள் இருவர் படத்தையும் போட்டு ஒரு பக்கம் எழுதினார்கள். உயரத்துக்கு எடை என்ற கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடம்பில் உள்ள கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஒல்லியான தோலுக்குள் ஒரு குண்டு மனிதன் ஒளிந்திருக்கிறான். நம் குழந்தைகள் பிறக்கும்போதே அப்படித்தான் பிறக்கின்றன என்று புனே ஆய்வுகள் சொல்கின்றன.

இதற்குப் பஞ்சத்தைக் காரணம் காட்டுகிறவர்கள் உண்டு. கிடைத்தபோது சேர்த்து வைத்துக்கொள்ளும் உடம்புதான் கிடைக்காதபோது பிழைத்தது, அந்தச் சிக்கனம் இன்று வினையாகிறது என்று 1962இல் நீல் என்ற மரபியலாளர் எழுதினார். பிறகு வந்தவர்கள் மரபணுவைவிட அரை வயிற்றுத் தாயின் கருப்பைதான் காரணம் என்றார்கள். சண்டை தீரவில்லை. ஆனால் தாது வருஷப் பஞ்சத்தை, 1876ஐ, நினைக்காமல் இந்த ஊரில் சோற்றைப் பற்றி என்னால் யோசிக்க முடிவதில்லை. அதற்கு ஒன்பது வருடம் முன்பு வடலூரில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. எங்கள் கோயிலிலும் பந்தி நடக்கிறது; மலையைச் சுற்றி ஆசிரமங்கள் தோறும் ஏதோ ஒரு நேரத்தில் சோறு போடுகிறார்கள். இந்த மாவட்டத்து ஆரணியின் ஆலைகள் தீட்டும் பொன்னி அரிசி சென்னைவரை போகிறது. மூட்டை பிரித்தால் மல்லிகை மொட்டுக் குவித்த மாதிரி இருக்கும். தவிடும் முளையும் போய், வெள்ளை மட்டும் மிஞ்சிய அரிசி. ரூபாய்க்கு இத்தனை படி அரிசி என்று சொல்லி 1967இல் ஒரு கட்சி ஆட்சியைப் பிடித்த நாடு இது. 2011 ஜூனிலிருந்து ரேஷன் அரிசிக்கு விலையே கிடையாது. நாலு பேர் உள்ள அட்டைக்கு மாதம் 20 கிலோ அரிசி சும்மா கிடைக்கும். துவரம் பருப்பு ஒரே ஒரு கிலோ, அதற்கு 30 ரூபாய். இருபதுக்கு ஒன்று. பசியைத் துரத்திய கணக்கு அது, அதைக் குறை சொல்ல எனக்கு நாக்கு எழாது. அதே கணக்குதான் எங்கள் தட்டிலும் விழுகிறது. சென்னையின் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுக்க எடுத்த ஆய்வில், இந்தியர்கள் உண்ணும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10 கோடியே 10 லட்சம், பார்டரில் நிற்பவர்கள் 13 கோடியே 60 லட்சம் என்று 2023இல் எண்ணிச் சொன்னவர்களும் அவர்களே.

இங்கே அம்மனுக்குப் பெயர் உண்ணாமுலை. பிள்ளை எதுவும் உண்ணாத முலை. ஊரே உண்டுகொண்டிருக்கும் இடத்தில் தாயின் பெயரில் ஒரு 'உண்ணா' இருப்பது சின்ன வயதிலிருந்தே எனக்குப் புதிர். 1896இல் மதுரையிலிருந்து ஓடிவந்த பதினாறு வயதுப் பையன் பாதாள லிங்கத்தடியில் தன்னை மறந்து உட்கார்ந்தபோது பசியைக்கூட மற்றவர்கள்தான் அவனுக்காகப் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. வெளியே கொண்டுவந்த பிறகு கொஞ்ச நாள் அம்மன் சன்னதியின் அபிஷேகப் பாலைத்தான் அவன் வாயில் ஊற்றினார்கள். பாலும் தண்ணீரும் மஞ்சள் தூளும் சர்க்கரையும் வாழைப்பழமும் கலந்து வழிந்த பால். கொடுத்ததை விழுங்கியிருக்கிறான். அந்தப் பையன் ரமணராகி, ஒரு சித்ரா பௌர்ணமி விருந்துக்குப் பிறகு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவஸ்தைப்பட்டபோது செய்த காரியம் ஒன்று உண்டு. நல்வழியில் ஔவை வயிற்றைத் திட்டுகிறாள். ஒருநாள் சும்மா இரு என்றால் இருக்கமாட்டாய், இரண்டு நாளைக்குச் சேர்த்து வாங்கிக்கொள் என்றாலும் கேட்கமாட்டாய் என்று. ரமணர் அதைத் தலைகீழாகத் திருப்பி, வயிறு நம்மைத் திட்டுவதாக ஒரு வெண்பா செய்தார். ஒரு நாழிகையாவது ஓய்வு கொடுத்தாயா என்பது வயிற்றின் வழக்கு. இரண்டு பாட்டையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கிறபோது எனக்குத் தோன்றுவது, ஔவை பஞ்ச காலத்துப் பாட்டி, அவளுடையது சோறு கிடைக்காதவர்களின் புகார். ரமணருடையது விருந்து முடிந்த மண்டபத்துப் புகார். நான் சந்தேகமில்லாமல் இரண்டாவது மண்டபத்தில் உட்கார்ந்திருக்கிறேன். குபேர லிங்கத்துப் பெரியவர் எந்தப் பாட்டில் இருக்கிறார் என்றுதான் தெரியவில்லை. அவருக்குப் பசியும் உண்டு, விருந்தின் நோயும் உண்டு.

என் பாட்டைச் சொன்னால் வெட்கமாக இருக்கிறது, அவ்வளவு சுலபம். தட்டில் முதலில் காய், பிறகு சுண்டல் அல்லது முட்டை, கடைசியில் சோறு, அதுவும் ஒரே கரண்டி. பசியின் வேகத்தைக் காயும் பருப்பும் வாங்கிக்கொண்டால் சர்க்கரை ஏறும் வேகம் குறைகிறது. சாப்பிட்டதும் உட்காராமல் தேரடி வீதிவரை கால் மணி நேரம் நடை. நடக்கிற தசை இன்சுலின் சொல்வதற்குக் காத்திராமல் தானே சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். என் பந்தி உவமையில் இலையில் உட்கார்ந்தவன் எழுந்துபோய் அண்டாவிலிருந்து தானே எடுத்துக்கொள்வது மாதிரி. ஜவ்வாது மலைச் சாமை கிலோக் கணக்கில் வாங்கி வந்தேன். ஆலையில் தீட்டிப் பாலிஷ் போட்டு வெள்ளையாக வந்த சாமை. அதில் நெய் ஊற்றிப் பொங்கல் வைத்து, சிறுதானியம்தானே என்று இரண்டு தட்டுத் தின்ற இரவு மீட்டர் 190ஐத் தாண்டியது. அரிசியை எடுத்துவிட்டுக் கோதுமை மாவையும் சிறுதானிய மாவையும் வைத்தால் மட்டும் ஆபத்துக் குறைவதில்லை, மொத்த மாவுச்சத்தும் குறைய வேண்டும், அந்த இடத்தில் பருப்போ தயிரோ வர வேண்டும் என்று மேலே சொன்ன ஆய்வு 2025இல் சொன்னதை நான் என் விரல் நுனியில் குத்திப் படித்தேன். சென்னையில் ராமச்சந்திரன் குழுவினர் பார்டரில் இருப்பவர்களை மூன்று வருடம் தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்ட முடிவும் ஊக்கம் தருவதுதான்: உணவும் நடையும் மட்டுமே நோயை 28.5 சதவீதம் குறைத்தன, மெட்பார்மின் மாத்திரை 26.4. இரண்டையும் சேர்த்தாலும் 28.2தான். நடப்பவனுக்கு மாத்திரை கூடுதலாக எதையும் சேர்க்கவில்லை. பதினாலு கிலோமீட்டர் மலைசுற்றும் ஊரில் பிறந்தவனுக்கு இதைவிட இதமான செய்தி என்ன வேண்டும்! ஆனால் கிரிவலம் வெறுங்காலோடு. பாதம் மரத்துப்போனவனுக்குச் சிறுகல் குத்துவது தெரியாது, தார் சுடுவது தெரியாது, கொப்புளம் உடைந்தது மறுநாள் பாய் நனைந்தபிறகுதான் தெரியும். அந்தப் பெரியவரின் கட்டைவிரல் போனது எப்படி என்று நான் கேட்கவில்லை.

கேட்காமல் விட்டதில் ஒரு சூது இருக்கிறது என்று இப்போது நினைக்கிறேன். என் தராசு, என் மீட்டர், என் முட்டை, என் சுண்டல் எல்லாமே வேணாம் என்று சொல்ல முடிகிறவனின் உபகரணங்கள். ஐந்து வீட்டில் வாங்கித் தின்பவனுக்கும், மூன்று வேளைப் பந்தியில் உயிர் வைத்திருப்பவனுக்கும் உணவுமுறை என்ற சொல்லே பொருந்துமா? அவருக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம், சோறும் இலவசம். இரண்டுமே நல்ல மனசோடு தரப்படுகின்றன, உள்ளே போய் ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. அன்னதானக்காரர்கள் சர்க்கரைப் பொங்கலுக்குப் பதில் சுண்டல் போடலாமே என்று பேச்சுவாக்கில் ஒரு நண்பரிடம் சொன்னேன். பௌர்ணமிதோறும் இரண்டு அண்டா சமைத்துப் போடுகிறவர் அவர். "சுண்டல் பிரசாதம்டா, பொங்கல்தான் சாப்பாடு" என்றார். அந்த வித்தியாசத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

ஆவணிப் பௌர்ணமிக்கு மனைவி மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, அவித்து, உப்புப் போட்டு, ஒரு பையில் கட்டிக் கொடுத்தாள். எங்கள் மாவட்டத்துச் செம்மண்ணில் விளைவது, மாவுச்சத்துக் குறைவு, வயிறு நிறையும். பையின் சூடு தொடையில் பட்டுக்கொண்டே வந்தது. பெரியவர் அதே வேலியோரம் இருந்தார், கட்டு மட்டும் புதுசு. என்னை அடையாளம் தெரியவில்லை அவருக்கு. பையை நீட்டி, "சுகருக்கு நல்லது சாமி" என்றேன். ஒரு மல்லாட்டையை எடுத்து உடைத்து, பருப்பை விரலிடுக்கில் வைத்து நசுக்கிப் பார்த்தார். பிறகு வாயை அகலத் திறந்து காட்டினார். மேலேயும் கீழேயும் ஈறு.

"இத்த வெச்சி நான் இன்னா பண்றது? அந்தாண்ட பொங்கல் போடறாங்க பாரு, கொஞ்சம் வாங்கியாந்து குடு நைனா. கால் ஊன முடில."

பந்தலில் வரிசை நீளமாக இருந்தது. போய் நின்றேன்.